செட்டிப்பாளையத்துப் பந்தயக் களம்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர்க்குக் கோயம்புத்தூர்ப் பயணம் புதியதன்று. தம்பானூர் நிலையத்தில் வண்டியேறி, எர்ணாகுளமும் திருச்சூரும் கடந்து, பாலக்காட்டுக் கணவாயின் காற்று முகத்தில் வீசும்போதே பலர் மூட்டைகளைக் கீழே இறக்கத் தொடங்கிவிடுவர். திருமணத்திற்கோ, மருதமலைக்கோ, துணிமணி வாங்கவோ செல்வோர் பலர். போத்தனூருக்குத் தென்கிழக்கே, செட்டிப்பாளையத்தில் உள்ள மோட்டார்ப் பந்தயக் களத்தைக் காணச் செல்வோர் மிகச் சிலர். நம் வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அங்குச் சென்று வந்தோம்.

ஏன் அங்குச் சென்றோம் என்று அன்பர்கள் கேட்கக் கூடும். நம் நகரில் ஓட்டத்திற்கும் நீச்சலுக்கும் கிரிக்கெட்டிற்கும் நல்ல களங்கள் உண்டு. மோட்டார்ப் பந்தயத்திற்குக் களம் இல்லை. ஆர்வம் மட்டும் குறைவின்றி இருக்கிறது. கழக்கூட்டத்திலிருந்து கோவளம் நோக்கிச் செல்லும் புறவழிச்சாலையில் இளைஞர்கள் இரு சக்கர வண்டிகளைப் பறக்கவிட்டு, தாமும் மாண்டு, வழியே போவோரையும் மாய்த்த செய்திகளை நாளேடுகளில் படித்திருக்கிறோம். வேகத்தில் நாட்டங்கொண்ட ஒரு பிள்ளையிடம் ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியுமா? அந்த நாட்டம் முறைப்படி வளர்ந்தால் எங்கே போய்ச் சேரும் என்பதைக் கண்ணாரக் காட்டவே அழைத்துச் சென்றோம்.

செட்டிப்பாளையத்துக் களத்தின் நீளம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான். தொலைக்காட்சியில் அயல்நாட்டுப் பந்தயங்களைக் கண்டு பழகியவர்க்கு இது சிறிதாகத் தோன்றும். ஆனால் வேலியருகே நின்று பாருங்கள். வளைவை நெருங்கும் கார், இனித் திரும்பவே முடியாது என்று நாம் எண்ணும் கணம் வரை நேரே வருகிறது. பின்பு வேகம் சட்டென்று அடங்கி, உள்விளிம்பை உரசினாற்போல் திரும்பி, மீண்டும் உறுமிக்கொண்டு ஓடி மறைகிறது. எங்கே வேகத்தை அடக்குவது, எங்கே மீண்டும் கூட்டுவது என்னும் கணக்கில்தான் வெற்றி இருக்கிறது. கொடி காட்டுவோரும் மருத்துவ வண்டியும் தீயணைப்போரும் ஆயத்தமாக நிற்காமல் பந்தயம் தொடங்குவதில்லை. தலைக்கவசமும் தீப்பிடிக்காத உடையும் அணியாதவர் களத்தில் இறங்கவே முடியாது. புறவழிச்சாலையில் இவற்றுள் ஒன்றேனும் உண்டா என்று எம் பிள்ளைகளுள் மூத்தவனைக் கேட்டோம். அவன் மறுமொழி கூறவில்லை.

2003-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இக்களத்திற்குக் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் அவர்களின் நினைவாகக் ‘கரி’ என்னும் பெயர் வழங்குகிறது. பந்தய வீரராகவும் கார் வடிவமைப்பாளராகவும் விளங்கிய அவர், 1995-ஆம் ஆண்டில் சிறு விமான விபத்தொன்றில் காலமானார். அவர் செய்த பெருஞ்செயல் ஒன்றை இங்கே குறிக்க வேண்டும். பந்தயக் கார் என்றால் அயல்நாட்டிலிருந்து பெருஞ்செலவில் தருவிக்க வேண்டிய பொருளாக இருந்த காலத்தில், நம் தெருவில் ஓடும் மாருதிக் காரின் 796 கன சென்டிமீட்டர் இயந்திரத்தைப் பொருத்தி, ஒருவர் மட்டும் அமரத்தக்க பந்தயக் காரை அவர் உருவாக்கினார். பஞ்சாலை இயந்திரமும் நீரேற்றியும் செய்து பழகிய பட்டறைகள் நிறைந்த ஊரில் இது பிறந்ததில் வியப்பில்லை. ‘பார்முலா மாருதி’ என்று பெயர் பெற்ற அவ்வண்டியே பல இளைஞர்க்கு முதற்படி ஆயிற்று.

அப்படியில் கால் வைத்து ஏறியவர்தான் நரேன் கார்த்திகேயன். 1977-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் பிறந்து, கோவையில் வளர்ந்தவர். தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன், நெடுந்தொலைவு மோட்டார்ப் போட்டிகளில் தேசிய அளவில் வெற்றி கண்டவர். ஆகவே சிறுவனுக்கு வேகம் புதிதல்ல. அதன் இடர்களை அறிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தார். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுபாதையில் நடந்துவந்த பந்தயங்கள், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் புதுக்களம் அமைந்தபின் அங்கே மாறின. அக்களத்தில் பார்முலா மாருதி ஓட்டிய தம் முதற்பந்தயத்திலேயே நரேன் முதல் மூவருள் ஒருவராக வந்தார்.

அடுத்த படி கடல் கடந்தது. 1992-ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், பிரான்சு நாட்டு வின்ஃபீல்டு பந்தயப் பள்ளியில் பயின்று, அங்கு நடந்த தேர்வில் அரையிறுதி வரை சென்றார். அவ்வயதில் மகனை அயல்நாட்டுக்கு அனுப்பும் பெற்றோரின் நெஞ்சம் எவ்வாறிருக்கும் என்பதைப் பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. 1994-இல் இங்கிலாந்தின் பார்முலா போர்டு குளிர்காலத் தொடரில் முதலிடம் பெற்றார். ஐரோப்பாவில் இத்தகைய பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவரே. 1996-இல் பார்முலா ஆசியாப் பட்டம் கிடைத்தது. பின்பு இங்கிலாந்தில் பார்முலா 3. 1999-இல் அத்தொடரில் வெற்றிகளும் பெற்றார்.

2001-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், சில்வர்ஸ்டன் களத்தில் ஜாகுவார் குழுவின் பார்முலா 1 காரைச் சோதனைக்காக ஓட்டினார். பார்முலா 1 காரை ஓட்டிய முதல் இந்தியர் என்று ஏடுகள் கொண்டாடின. ஆனால் பந்தயத்தில் இடம் கிடைக்க மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின! இந்த நான்கு ஆண்டுகளையே எம் பிள்ளைகளுக்கு விரிவாக எடுத்துரைத்தோம். இவ்விளையாட்டில் தேர்ச்சி மட்டும் போதாது. சக்கரமும் எண்ணெயும் பழுதுபார்ப்பும் பயணமும் பெரும்பொருளை விழுங்குவன. அதைத் தரும் நிறுவனங்களைத் தேடுவதும் வீரரின் வேலையே. அக்காலத்தில் அவர் சப்பானிலும் ஐரோப்பாவிலும் வேறு தொடர்களில் ஓட்டிக்கொண்டேயிருந்தார்.

2005-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள், மெல்போர்ன் நகரில் ஜோர்டன் குழுவின் காரில் அவர் களமிறங்கி, பதினைந்தாவதாக முடித்தார். வயது இருபத்தெட்டு. பிரான்சுப் பள்ளிக்குச் சென்றதிலிருந்து கணக்கிட்டால் பதின்மூன்று ஆண்டுகள்.

அதே ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபோலிசில் அவர் நான்காம் இடம் பெற்று ஐந்து புள்ளிகள் ஈட்டினார். இதைச் சொல்லும்போது முழுமையையும் சொல்வதே நேர்மை. அங்குள்ள சரிவான வளைவொன்றை மிச்சலின் சக்கரங்கள் தாங்கமாட்டா என்று தெரியவந்ததால், அவற்றைப் பூட்டிய பதினான்கு கார்கள் தொடக்கத்திலேயே விலகிக்கொண்டன. ஓடியவை ஆறே ஆறு. ‘அப்படியானால் அது வெற்றியா?’ என்று இளைய மகள் கேட்டாள். அறுவரும் இறுதி வரை ஓட்டி முடித்தனர், அவ்வறுவருள் ஒருவராக இருக்கும் இடத்திற்கு அவர் முன்னரே வந்து சேர்ந்திருந்தார் என்று கூறினோம். அவளுக்கு அது முழு நிறைவைத் தந்ததாகத் தெரியவில்லை.

இந்திய மண்ணில் முதன்முறையாக 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் பார்முலா 1 பந்தயம் நடந்தபோது, அதில் ஓட்டிய ஒரே இந்தியர் நரேன்தான். அவர் ஓட்டிய குழு வலுவற்றது; வந்த இடம் பதினேழாவது. 2010-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றிருந்தது. சென்னையின் கருண் சந்தோக்கும் அவ்வாண்டில் பார்முலா 1 களம் கண்டார். 2019-இல், நாற்பத்திரண்டாம் வயதில், சப்பானின் பூஜி களத்திலும் நரேன் ஒரு பந்தயத்தை வென்றார் என்பதைக் கேட்டு மூத்தவன் வியந்தான்.

இன்றும் மாருதி இயந்திரம் பூட்டிய சிறு பந்தயக் கார்கள் செட்டிப்பாளையத்தில் ஓடுகின்றன. காணச் செல்லும் அன்பர்கள் பந்தய நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம். வெயில் கடுமையாக இருக்கும். குடையும் குடிநீரும் உடன் இருக்கட்டும். குழந்தைகளின் காதுக்குச் சிறிது பஞ்சும் வேண்டும்.