பின்வாங்கத் தெரியாத படை

விளையாட்டு என்றவுடனே அது பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. ஆயினும் நால்வகைப் படைகளையும் ஒரு பலகையில் நிறுத்திச் சதுரங்கம் என்று பெயரிட்டு ஆடிய மரபில் வந்தவர்கள் நாம். அச்சதுரங்கத்திற்குத் தூரத்து உறவான மேசைப்போர் ஒன்றைப் பற்றியே இங்குச் சொல்ல விழைகிறேன். அதன் பெயர் 'வார்ஹாமர்'. கேம்ஸ் ஒர்க்ஷாப் என்னும் ஆங்கில நிறுவனம் 1983ஆம் ஆண்டு அதனை வெளியிட்டது. 2015இல் அதன் பழைய வடிவம் நிறுத்தப்பட்டு, 2024இல் 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்னும் பெயரில் மீண்டும் உயிர்பெற்றது.

ஆறடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட மேசையே போர்க்களம். விரலளவுப் பொம்மைகளைத் தாமே ஒட்டி, தாமே வண்ணம் தீட்டி அணிவகுக்க வேண்டும். நடையை அங்குலக் கோல் அளக்கும். வெட்டையும் வீழ்ச்சியையும் பகடை முடிவுசெய்யும். இரு தரப்பும் சமமான புள்ளி மதிப்பில் படை திரட்ட வேண்டும் என்பது விதி. எனவே, ஒன்றை வாங்கினால் மற்றொன்றை விட்டுத்தான் ஆகவேண்டும். இங்கேதான் மனிதரின் இயல்பு வெளிப்படுகிறது. சிலர் காலாள், குதிரை, பீரங்கி, மந்திரவாதி என்று எல்லா ஓட்டைகளையும் அடைத்துக்கொண்டு வருவர். வேறு சிலரோ ஒரே கருத்தைச் சுற்றித் தம் படையை அமைப்பர். பின்னவரின் படை காண்பதற்கு அழகாக இருக்கும். அதற்கென ஒரு கதையும் இருக்கும். அக்கதையே அதன் வலிமை. அக்கதையே அதன் பலவீனமும் கூட.

என் இளைய மகன் திரட்டியது அத்தகைய ஒரு படை. 2006ஆம் ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்தபோது அவன் எதிர்பார்த்த தேர்ச்சி கிட்டவில்லை. கணிதம் அவனைக் கைவிட்டிருந்தது. அதன்பின் பல வாரங்கள் அவன் எவரோடும் அதிகம் பேசவில்லை. நண்பர்கள் தேடி வந்தால் இல்லையென்று சொல்லச் சொல்வான். கையில் தூரிகையும் முன்னே வண்ணக் குப்பிகளுமாக அமர்ந்திருப்பான். அவன் தீட்டிக்கொண்டிருந்தவை செம்மஞ்சள் நிறக் குடுமி தரித்த, மேலாடையற்ற குள்ளர்களின் உருவங்கள்.

அவ்வுலகத்துக் கதையில் குள்ளர் என்போர் மானத்தை உயிரினும் மேலாக மதிக்கும் மலைவாழ் இனத்தார். மாறாத அவமானம் ஒன்று நேர்ந்துவிட்டால் அவர்களில் ஒருவன் தலையின் இருபுறமும் மழித்து, எஞ்சிய முடிக்குச் சாயமேற்றி, கவசத்தைக் களைந்துவிட்டு, தன்னினும் வலிய பகைவனைத் தேடிச் சாவதாக உறுதி பூணுவான். அவர்களை 'ஸ்லேயர்' என்பர். வஞ்சின மறவர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 2004ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார்ம் ஆஃப் கேயாஸ்' என்னும் நூலில் அவர்களை மட்டுமே கொண்டு படையெடுக்க வழி செய்யப்பட்டிருந்தது.

இதைக் கேட்கும் தமிழர் எவருக்கும் வெண்ணிப் பறந்தலை நினைவுக்கு வராமற் போகாது. கரிகாலனோடு பொருது முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அந்த நாணம் பொறாது வடக்கிருந்து உயிர் நீத்தான். கழாத்தலையாரும் வெண்ணிக் குயத்தியாரும் அவனைப் பாடினர். வென்றவனினும் நாணியவனே நல்லவன் என்ற குயத்தியாரின் தீர்ப்பு இன்றும் நம் நெஞ்சை நெகிழ்விக்கிறது. அப்பாடல்களை வகுப்பறையில் உணர்ச்சி பொங்க நடத்தியவன் நான். ஆதலால் அப்பொம்மைகளின் கதை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

இனி அன்றைய விதிகளின்படி இப்படையின் வலிமையைக் காண்போம். கைகலப்பில் தோற்ற அணி இரு பகடைகளை உருட்டித் தன் மனவுறுதியைச் சோதிக்க வேண்டும். எத்தனை புள்ளியில் தோற்றதோ அத்தனையும் உறுதியிலிருந்து கழியும். சாதாரண மனிதப் படைவீரனின் உறுதி 7. இரண்டு புள்ளியில் தோற்றால் அது 5 ஆகிவிடும். பகடைகள் விழக்கூடிய 36 வகைகளில் 10 மட்டுமே அவனைக் காக்கும். சாதாரணக் குள்ளனின் உறுதி 9. அதே தோல்வியில் அவனைக் காப்பவை 21. வஞ்சின மறவனுக்கோ இச்சோதனையே இல்லை. கடைசி ஆள் விழும்வரை அவ்வணி நின்ற இடத்திலேயே நிற்கும். அச்சம் தரும் அரக்கரும் அவனை அசைக்க இயலாது. பகைவனின் உடல் எவ்வளவு கடினமோ அதற்கு ஈடாக இவனது தாக்குதலும் உயரும். ஏனைய படைகள் அஞ்சி ஒதுங்கும் பெரும் பூதத்தை எதிர்த்து நிறுத்த இவனினும் பொருத்தமானவன் இல்லை.

பலவீனமும் இதே வேரில் கிளைப்பதுதான். கவசத்தைக் களைந்தது மானத்தின் அடையாளம். அம்புக்கோ அது திறந்த வாயில். அருகிலிருந்து சாதாரண வில்லாளர் 20 அம்புகள் எய்தால் சராசரியாக 10 தைக்கும். மூன்று பேர் காயப்படுவர். கனத்த கவசமும் கேடயமும் கொண்ட குள்ளராயின் அவருள் பாதிப்பேர் தப்புவர். வஞ்சின மறவரில் எவரும் தப்பார். குள்ளனின் நடை 3 அங்குலம், விரைந்தால் 6. இருபத்துநான்கு அங்குலத்தைக் கடக்க நான்கு சுற்றுகள் தேவை. ஆட்டமோ ஆறு சுற்றுகளில் முடிந்துவிடும். அம்பு மழையில் நனைந்துகொண்டே பகைவனை நோக்கி நடப்பதே அவர்களது போரின் பெரும்பகுதி எனலாம்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. எதிரி பாய்ந்து வரும்போது பிற அணிகள் வேண்டுமானால் ஓடித் தப்பலாம். ஓடுவதுபோல் ஓடி எதிரியைப் பொறியில் சிக்கவைக்கவும் செய்யலாம். வஞ்சின மறவருக்கு அந்த உரிமையை விதியே மறுக்கிறது. அஞ்சாதவன் என்பதனாலேயே அவன் விலக முடியாதவனாகிறான். விலை குறைந்த சிறு கூட்டம் ஒன்றை அவன்மீது ஏவி, அவனை ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிட்டு, போரை வேறிடத்தில் முடித்துக்கொள்ளலாம். பின்வாங்கிப் பின் பாயும் ஆட்டுக்கடாவைக் காலமறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டியது வீணுக்கன்று.

மகனோடு பேச வேறு வழி தெரியாமையால் நான் மனிதப் படையொன்றை இரவல் வாங்கி அவனெதிரே அமர்ந்தேன். வில்லாளரை வரிசையாக நிறுத்தினேன். நான்கு ஆட்டங்களிலும் அவனது மறவர் என் கோட்டை நெருங்குமுன் பாதியாகக் குறைந்தனர். அவன் முகத்தில் வருத்தமே இல்லை.

"இவர்கள் சாவதற்கென்றே வந்தவர்கள், அப்பா. வெற்றி இவர்களுக்கு ஒரு பொருட்டன்று" என்றான்.

"அவர்களுக்கு வேண்டாம், சரி. அவர்களை நடத்துகிறவனுக்குமா வேண்டாம், தம்பி?" என்று கேட்டேன்.

அவன் விடை சொல்லவில்லை. பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினான்.

சில வாரங்கள் சென்றபின் அவன் மேசைமீது வைத்தது வேறொரு படை. நடுவே கேடயம் தாங்கிய குள்ளர். பின்னே சிறு மேட்டில் பீரங்கி. இடப்பக்கம் மட்டும் ஒரே ஒரு வஞ்சின மறவர் அணி. பீரங்கிக்கு அஞ்சி என் வில்லாளர் சிதறினர். என் பெரிய அரக்கனை அம்மறவர் தடுத்து நிறுத்தினர். அதற்குள் கேடயப்படை பக்கவாட்டில் வந்து சேர்ந்தது. சாகத் துணிந்தவர்களைக் காக்க வேறு சிலர் இருந்தமையால் அவர்களது துணிவுக்குப் பயன் விளைந்தது. அன்று நான் தோற்றேன். அவ்வாண்டே மகன் தனித்தேர்வராக மீண்டும் தேர்வெழுதப் படிவம் வாங்கி வந்தான். மேசைப்போர்தான் அவனை மாற்றியது என்று நான் சொல்லவில்லை. அவன் மனத்துள் நடந்ததை அவனே அறிவான்.

நாணம் உயர்ந்த பண்பு; அதனை நம் புறப்பாடல்கள் போற்றியதும் தகும். ஆனால் சேரமானின் முடிவைப் புகழ்ந்து நடத்தும் ஆசிரியன், அதே வகுப்பில் ஆட்டுக்கடாவின் பின்னடையையும் சேர்த்தே நடத்தவேண்டும். தோற்றவன் திரும்பி வரலாம்; காலம் பார்த்து நிற்கலாம்; பிறர் துணையை நாடலாம். இவற்றுள் எதுவும் முதுகிற்பட்ட புண் ஆகாது. ஒரே கருத்தால் ஆன படை காண்பதற்கு அழகியது. அதனை நடத்துகிறவனோ ஆட்டம் முடிந்தபின் எழுந்து வீட்டுக்குப் போகவேண்டியவன். மறுநாள் காலையில் அவனுக்கு வேறு வேலைகள் காத்திருக்கின்றன.