கேக் ஓவன் பழுதானால், போர்ட் மாற்றுவதற்கு முன்

 

"என்ன டீச்சர், ராத்தா கேக் அடிக்கிறத நிப்பாட்டிட்டாங்களா?" என்று பாடசாலை கேட்டில் வைத்தே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நிப்பாட்டவில்லை. ஓவன் பழுதாகிக் கிடந்தது, இப்போது சரி. பலாங்கொடைப் பக்கம் வீட்டில் கேக் செய்து விற்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்களுக்கும் இது வரலாம் என்பதால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம்.

எங்கள் ராத்தாவும் பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் ஒரு அக்காவும் சேர்ந்துதான் இந்தக் கேக் வேலையைச் செய்கிறார்கள். அக்கா முன்பு கொழுந்து எடுத்தவர், முதுகுவலியால் நின்றுவிட்டார். லாபத்தில் பாதிப் பாதி. அந்த ஒரு ஓவனை நம்பி இரண்டு வீட்டுக் கடைக் கணக்கு ஓடுகிறது.

பழுது ஒரே நாளில் வரவில்லை. முதலில் பட்டர் கேக் மேலே நிறம் பிடிக்காமல் வெளிறி வந்தது. பிறகு நடுவில் குழி விழுந்தது. ஈர்க்கு குத்திப் பார்த்தால் மாவு ஒட்டியது. ராத்தா மாவை மாற்றினார், பேக்கிங் பவுடரை மாற்றினார், முட்டையைக்கூடச் சந்தேகப்பட்டார். ஓவனோ 180 பாகை என்று தெளிவாகக் காட்டிக்கொண்டே இருந்தது.

டவுனிலிருந்து ஒரு பாஸ் வந்தார். திறந்தார், பார்த்தார், "போர்ட் போயிட்டுது டீச்சர், இடி மின்னலுக்கு இப்பிடித்தான்" என்றார். புதிய போர்ட் 38,000 ரூபா. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சப்ரகமுவவில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரமானால் விழுகிற இடி எத்தனை டீவியைத் தின்றிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அக்காவின் முகம் விழுந்துவிட்டது. 2024 இல் வர்த்தமானியில் வந்த தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் 38,000 என்பது ஏறக்குறைய 28 நாள் கொழுந்து.

பாஸிடம் இரண்டு நாள் தவணை கேட்டோம்.

அன்று பின்னேரம் அக்காவின் மாமனார் வந்திருந்தார். தேயிலை பெக்டரியில் ட்ரையரில் நின்று ஓய்வு பெற்றவர். கதையைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "டீச்சர், அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்ன அந்த நம்பர் என்னா காட்டுதுன்னு பாத்தீங்களா?"

பெக்டரியில் அது பழக்கமாம். சூடு ஏறுவதற்கு முன் வெப்பமானி என்ன சொல்கிறது என்று பார்ப்பார்கள். ஆறிக் கிடக்கும்போதே பொய் சொல்கிற வெப்பமானி சூட்டில் உண்மை சொல்லாது.

தேயிலைக்கு இது சின்ன விஷயமில்லை. ட்ரையருக்குள் போகும் காற்று 90 பாகைக்கு மேல் இருக்க வேண்டும், வெளியே வரும் தூளில் ஈரம் நூற்றுக்கு மூன்று அளவில் நிற்க வேண்டும். சூடு மிஞ்சிக் காய்ந்த தேயிலையை ருசி பார்ப்பவர்கள் 'பேக்கி' என்பார்கள். சூடு போதாமல் காய்ந்தால் 'ஸ்டூவ்ட்', அதாவது அவிந்த ருசி. எங்கள் கேக்கும் ஸ்டூவ்ட்தான் என்று ஐயா சிரித்தார்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு, இரவு முழுக்க ஆறிக் கிடந்த ஓவனைப் போட்டுப் பார்த்தோம். அது சூட்டை இலக்கத்தில் காட்டும் ரகம். சுவரில் தொங்கும் வெப்பமானியில் 25 பாகை. ஓவன் காட்டியது 44.

அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. உள்ளே இல்லாத 19 பாகையை ஓவன் கூட்டிச் சொல்கிறது. 180 வந்துவிட்டது என்று நினைத்து ஹீட்டரை நிறுத்தும்போது உண்மையில் உள்ளே 160தான். கேக் எப்படி வேகும்?

இனி, கூட்டிச் சொல்வது யார்? போர்டா, சென்சரா, இரண்டுக்கும் நடுவில் ஓடும் வயரா?

சென்சர் என்பது ஓவனின் உட்சுவரில் பென்சில் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் குழாய். உள்ளே மெல்லிய பிளாட்டினம். சூடு ஏற ஏற அதன் தடை ஏறும். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் கரும்பலகையில் எழுதிக் கொடுப்பதுதான். எங்கள் ஓவனில் இருந்தது பி.டி. 1000 ரகம். 0 பாகையில் 1,000 ஓம், 25 இல் 1,097, 100 இல் 1,385, 180 இல் 1,685. இந்த நான்கு இலக்கத்தையும் ஓவனின் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தாலே போதும். எல்லா ஓவனிலும் இதே ரகம் இருக்காது. சிலதில் சூடு ஏற ஏறத் தடை குறையும் சென்சர் இருக்கும், அதற்கு வேறு கணக்கு. உங்களுடையது எது என்று கையேட்டில் பாருங்கள்.

பிளக்கைக் கழற்றினோம். சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். பின் தகட்டைத் திறந்து, போர்டில் சென்சர் வயர் செருகும் இடத்தில் அதைக் கழற்றி, வயரின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தோம். 1,172 ஓம். 75 ஓம் அதிகம். அதாவது போர்ட் பொய் சொல்லவில்லை, தனக்கு வந்து சேர்ந்த 1,172 ஐத்தான் 44 பாகை என்று வாசித்திருக்கிறது.

பிறகு சென்சரை இரண்டு ஆணி கழற்றி வெளியே எடுத்து, அதன் காலிலேயே அளந்தோம். 1,097!

ராத்தாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஐஸை உடைத்துத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, உலோக முனையை மட்டும் அதில் வைத்தோம். 1,001. கொதிக்கும் தண்ணீரில் 1,378. பாடத்தில் 1,385 என்றுதானே இருக்கிறது என்று மருமகன் சண்டைக்கு வந்தான். பாடம் கடல் மட்டத்துக்கு. நாங்கள் இருப்பது 500 மீற்றர் உயரத்தில், இங்கே தண்ணீர் 98 பாகை தாண்டியதும் கொதித்துவிடும். சென்சர் அந்த ஒன்றரைப் பாகையைக்கூடச் சரியாகப் பிடித்திருக்கிறது. இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஆக, குற்றவாளி நடுவில். சென்சர் வயரும் போர்ட் வயரும் சேரும் சிறிய கனெக்டர், ஓவனின் முதுகில், மழைச்சுவர் பக்கமாக இருந்தது. தென்மேல் பருவ மழைக்கு எங்கள் அலுமாரித் துணியே பூஞ்சணம் பிடிக்கும், கனெக்டர் தப்புமா? உள்ளே பச்சையும் கறுப்புமாகக் களிம்பு. மீட்டரை வைத்துக்கொண்டே அதை அசைத்தால் இலக்கம் 1,150 க்கும் 1,190 க்கும் நடுவில் ஆடியது. களிம்பு தடையைக் கூட்டுகிறது, போர்ட் அதைச் சூடு என்று எண்ணிவிடுகிறது.

கனெக்டரை வெட்டி எறிந்து, வயரைச் சுரண்டிச் சுத்தமாக்கி, பீங்கான் கனெக்டர் ஒன்று போட்டோம். பிளாஸ்டிக் வேண்டாம், டேப்பும் வேண்டாம். அந்த இடத்துச் சூட்டுக்கு இரண்டும் உருகும். ஹார்ட்வெயார் கடையில் 150 ரூபாவுக்குள் வாங்கிவிடலாம். போர்ட் முனையில் இப்போது 1,098. பாஸுக்கும் சொல்லி, அவரே வந்து வேலையைச் சரிபார்த்துத் தகட்டை மூடிவிட்டுப் போனார். மீட்டரின் இலக்கத்தை அவர் இரண்டு தரம் பார்த்தார். வரவுக்கூலி கொடுத்தோம், தேத்தண்ணியும் குடித்தார்.

சில விஷயம் அவசியம் சொல்ல வேண்டும். திருகு வைத்த பழைய ஓவன்களில் இந்தச் சென்சர் இல்லை. எண்ணெய் அடைத்த செப்புக் குமிழும் மெல்லிய குழாயும்தான் இருக்கும். குமிழ் கிளிப்பிலிருந்து விழுந்தால் சூடு தவறும், எடுத்து மாட்டினால் சரி. ஆனால் குழாய் வெடித்து எண்ணெய் போய்விட்டால் ஹீட்டர் நிற்கவே நிற்காது. அப்படி ஓவன் அளவுக்கு மிஞ்சிக் கொதித்தால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள், ஒரு கேக்குக்காகக்கூடப் போட வேண்டாம். மைக்ரோவேவை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். கரண்ட் வேலை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எந்த ஓவனின் தகட்டையும் திறக்க வேண்டாம். ஆறிய ஓவன் காலையில் என்ன இலக்கம் காட்டுகிறது என்று பார்ப்பதற்கு மட்டும் யாரும் தேவையில்லை.

சனிக்கிழமை முதல் ராத்தாவும் அக்காவும் திரும்ப ஓடர் எடுக்கிறார்கள். மல்டிமீட்டர் எங்கள் வீட்டில் இருக்கிறது. பாடசாலை விட்டு இரண்டரைக்குப் பிறகு யாரும் வந்து எடுத்துப் போகலாம். ஒன்பது வோல்ட் பெட்டரியை மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள், இருந்தது தீர்ந்துவிட்டது.