நிராகரி என்றால் நிராகரி

"குக்கீ போடுறதுதானே உங்க வேலை? ஊரையே வேவு பார்த்திருக்கீங்க!" என் பணி ஓய்வு விருந்தில் உறவுக்காரர் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி, தளம் நம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பான குக்கீயைச் செய்தபோது முன்னால் இருந்த தேவை ஒரு கடைக்கூடை. பொறுக்கிய பொருள் அடுத்த பக்கத்துக்குப் போனதும் காணாமல் போகக் கூடாது, அவ்வளவுதான். பிறர் தளத்துக்குள் படத்தை நுழைத்து அதன் வழியே குக்கீ வைக்கப் பழகியவர்கள் விளம்பரக்காரர்கள். அந்த மூன்றாம் தரப்புக் குக்கீயைத் தானாக ஏற்காதீர்கள் என்று 1997இலேயே இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 2109 சொன்னது. பெரிய பிரவுசர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என்னைப் பழக்கிய சீனியர் செட்-குக்கீ வரி ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்பார். எதற்கு, எத்தனை நாள், யார் படிப்பார்? காலாவதியை ஐந்து வருடம் என்று எழுதினால், "அஞ்சு வருஷம் என்னை ஞாபகம் வெச்சுக்கோன்னு கஸ்டமர் கேட்டானாப்பா?" என்பார். செஷன் ஐடி தவிர வேறெதையும் உள்ளே வைக்க விடமாட்டார். ஹெச்டிடிபிஒன்லி, செக்யூர் என்ற பாதுகாப்புக் குறிகள் இல்லாத கோடு ரிவ்யூ தாண்டாது.

2018 மே மாதம் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் அமலுக்கு வந்த பின் என் உயிரை வாங்கியது குக்கீ பேனரின் 'நிராகரி' பொத்தான். அதை அழுத்தினால் நிஜமாகவே எதுவும் ஓடக் கூடாதே! டேக் மேனேஜருக்குள் மார்க்கெட்டிங்காரர்கள் நம்மைக் கேட்காமலே ஸ்கிரிப்ட் சேர்த்திருப்பார்கள். நம் கோடில் அதன் சுவடே இருக்காது. அது இன்னொன்றை இழுத்துவரும், அந்த இன்னொன்று வேறொன்றை. பதித்த வீடியோ, வரைபடம், சாட் பெட்டி எல்லாம் தம் பங்குக்கு. சம்மதம் வரும்வரை அத்தனையையும் முடக்கி, பிறகு வகைவாரியாகத் திறக்க வேண்டும். நேற்று சம்மதித்தவர் இன்று மனம் மாறினாலோ, மூன்றாம் தரப்பு வைத்த குக்கீயை நம்மால் அழிக்கவே முடியாது, டொமைன் வேறு. அந்த ஸ்கிரிப்டை மறுபடி ஏற்றாமல் இருக்கலாம், அவ்வளவே. இதை மேனேஜர்களுக்குப் புரியவைப்பதற்குள் தொண்டை வற்றிவிடும்.

இப்போதைய பிள்ளைகள் சம்மதம் வாங்கித் தரும் ஒரு சிஎம்பி ஸ்கிரிப்டை ஒட்டுகிறார்கள், பேனர் வருகிறது, டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். பேனருக்கு முன்பே டிராக்கர் ஓடி முடிந்திருக்கும். வாசலில் "வரலாமா?" என்று கேட்டுக்கொண்டே கொல்லைப்புறமாக நுழைந்துவிடும் விருந்தாளியின் மரியாதை இது. 'ஏற்கிறேன்' ஒரே கிளிக். நிராகரிக்கப் பல கிளிக். இந்தத் தந்திரத்துக்காகவே 2022 ஜனவரியில் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் அறிவித்தது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதத்தைத் திரும்பப் பெறுவது கொடுத்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. படித்தவர்கள் யார்?

மூன்றாம் தரப்புக் குக்கீயை சஃபாரி 2020இலேயே முழுக்கத் தடுத்தது. அதே ஆண்டு குரோமிலிருந்து எடுப்பதாகச் சொன்ன கூகுள், 2024 ஜூலையில் பின்வாங்கிவிட்டது. ஆகவே காவல் நம் கையில்தான்.

அடுத்த முறை பேனர் வந்தால் எதையும் அழுத்தாதீர்கள். கணினியில் எஃப்12 தட்டி, குரோமில் அப்ளிகேஷன் பகுதியில் குக்கீ பட்டியலைப் பாருங்கள். விளம்பரக் குக்கீ அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தால், அந்தத் தளத்துக்காரருக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.