கரடி தூக்கிப்போன பை



கனடாவிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. "டீச்சர், போட்டோ போடுங்க" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். போட்டோவெல்லாம் மகள் போனில் இருக்கிறது, அனுப்புவாள். அதற்கு முன்னால் ஒரு விஷயம் எழுத வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

டொரண்டோவிலிருந்து வடக்கே காரில் மூன்று மணி நேரம் போனால் அல்கோன்குவின் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைக்காதீர்கள். 1893-இல் பாதுகாக்கப்பட்ட காடு அது. 7,500 சதுர கிலோமீட்டருக்கும் மேல். தெற்கத்தி மேப்பிள் மரமும் வடக்கத்தி ஊசியிலை மரமும் கலந்து நிற்கிற இடம். கரும்பலகையில் படம் போட்டு உங்களுக்கு நடத்தினேனே கனடியக் கேடயம், அது இதுதான். பனியாறு சுரண்டிவிட்டுப் போன பாறை, பள்ளமெல்லாம் ஏரி. 34 வருஷம் பார்க்காமலே நடத்தியதை 68 வயதில் கண்ணால் பார்த்தேன்.

மகள், மாப்பிள்ளை, பத்து வயதுப் பேரன், நான். ஏரிக்கரையில் இரண்டு கூடாரம். ராத்திரி லூன் பறவை கூப்பிட்டது. அந்த ஊர் ஒரு டாலர் நாணயத்தில் இருக்கிற பறவை. நடுராத்திரி தூரத்தில் யாரோ அழுவதுபோல இருக்கும் அதன் குரல். பேரன்தான், "பயப்படாதீங்க ஆச்சி, அது தன் ஜோடியைக் கூப்பிடுது" என்றான்.

அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. சாப்பாட்டுப் பொருள் எதுவும் கூடாரத்திலோ வெளியிலோ இருக்கக் கூடாது. எல்லாம் காருக்குள் பூட்டியிருக்க வேண்டும். பற்பசை, சோப்புகூட. கறுப்புக் கரடிக்கு மோப்பம் அவ்வளவு. மாப்பிள்ளை மூன்று தடவை சொன்னார். பேரன் தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, உதறிக் காட்டினான்.

நான் ஊரிலிருந்து முந்திரிக்கொத்து கொண்டுபோயிருந்தேன். காலையில் படகில் போகும்போது பிள்ளைக்குப் பசிக்குமே என்று, அவன் தூங்கின பிறகு நாலைந்தைக் காகிதத்தில் சுற்றி அவன் பையின் பக்கப் பையில் வைத்தேன். பை வெளியே மேஜைமேல் இருந்தது. பாபநாசம் மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு யாரும் கரடியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை என்ற நினைப்பு எனக்கு.

விடிய இன்னும் நேரம் இருந்தது. துணி கிழிகிற சத்தம். மாப்பிள்ளை டார்ச் அடித்தார். பத்துப் பதினைந்து அடி தள்ளி, கன்றுக்குட்டி உயரத்தில் கறுப்பாக ஒன்று. எங்களைத் திரும்பிப் பார்த்தது. மகள் பாத்திரத்தைத் தட்டினாள், மாப்பிள்ளை சத்தம் போட்டுக்கொண்டே கார் ஹாரனை அமுக்கினார். கரடி ஓடவில்லை. பையைக் கவ்விக்கொண்டு நிதானமாக மரங்களுக்குள் போனது.

விடிந்ததும் பை கிடைத்தது, கந்தலாக. வெல்ல வாசனை இன்னும் போகவில்லை. மாப்பிள்ளை பேரனிடம், "எத்தனை தடவை சொன்னேன்?" என்றார்.

"நான் வைக்கலைப்பா."

"பொய் வேற சொல்றியா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் வரவில்லை. மாப்பிள்ளை முன்னால் சிறுமைப்பட வேண்டுமே என்ற கூச்சம். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பூங்கா ஊழியர் வந்து விசாரித்தபோது, "பையன் மறந்துட்டான்" என்று மாப்பிள்ளை சொன்னார். மனிதர் சாப்பாட்டில் ருசி கண்ட கரடி பயம் விட்டுத் திரும்பத் திரும்ப வரும், பிறகு அதைப் பிடித்து அப்புறப்படுத்தவேண்டி வரும், சில சமயம் சுடவும் நேரும் என்று ஊழியர் சொன்னார். பேரன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

பத்து மணிக்கு கோஸ்டெல்லோ ஓடையில் படகில் போனோம். மகள் வரவில்லை. முன்னால் பேரன், நடுவில் நான், பின்னால் மாப்பிள்ளை. யாரும் பேசவில்லை. ஒரு வளைவு திரும்பியதும் தண்ணீரில் ஒரு மூஸ் நின்றது. நம்ம மிளா அதன் முன்னால் ஒன்றுமில்லை. குதிரையைவிட உயரம் என்றே தோன்றியது. பக்கத்தில் செம்பழுப்பாக ஒரு குட்டி. தாய் தலையை முழுக்க முக்கி, அல்லிக் கொடியை இழுத்து மென்றது. மர இலைகளில் இல்லாத உப்புச்சத்து நீர்ச்செடியில் இருக்கிறதாம், அதற்காகத்தான் ஓடையில் இறங்குகிறது. குட்டியோடு இருக்கிற தாயை நெருங்கக் கூடாது என்று மாப்பிள்ளை துடுப்பை நிறுத்திவிட்டார்.

இதைப் பார்க்கத்தான் பேரன் ஒரு வருஷமாக நாள் எண்ணினான். அவனோ துடுப்பை மடியில் வைத்துக் குனிந்தபடி இருந்தான். நிமிரவே இல்லை.

"மாப்பிள்ளை, பையில் வெச்சது நான்தான். புள்ளைக்குத் தெரியாது" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மாப்பிள்ளை, "கண்ணா, அப்பா தப்பா சொல்லிட்டேன்டா. ஸாரி" என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பேரன் அவரைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்து, "காலையிலேயே சொல்லியிருக்கலாம்ல ஆச்சி?" என்றான். அதற்கப்புறம்தான் மூஸைப் பார்த்தான். திரும்பும் வழியில் பூங்கா அலுவலகத்துக்குப் போய், பையன் இல்லை, நான்தான் என்று அங்கேயும் சொன்னேன்.

இப்போது, சொல்ல வந்த விஷயம்.

1991-இல் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு. உலக உருண்டை உடைந்து கிடந்தது. கடைசியாகத் தொட்டவன் என்று ஒரு பையனை எழுப்பினேன். "நான் இல்லை டீச்சர்" என்றான். உடைத்ததற்கு இரண்டு, பொய் சொன்னதற்கு இரண்டு என்று பிரம்பால் அடித்தேன். அடுத்த வாரம், வகுப்பறை கூட்டுகிற அம்மா வந்து, தன் கைபட்டுத்தான் விழுந்தது என்று அழுதார். "பரவாயில்லை, யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்றேன். அவருக்காகச் சொன்னேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். படகில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது, எனக்காகத்தான் சொன்னேன்.

அந்த வகுப்பு முன்னால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பையன் அதற்கப்புறம் என் வகுப்பில் கை தூக்கியதே இல்லை.

தம்பி, நீ இதைப் படித்தால்: நீ சொன்னது உண்மை. அடித்தது என் தப்பு. பொய்யன் என்று சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. 33 வருஷம் கழித்துச் சொல்கிறேன். மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வகுப்பில் படித்தவர்கள் யாருக்காவது அவனோடு தொடர்பு இருந்தால் இதைக் காட்டுங்கள். தயவுசெய்து கமெண்டில் அவன் பெயரை எழுதாதீர்கள். எனக்குத் தனியாகச் சொன்னால் போதும்.

அந்தக் கரடி மறுபடி வந்ததா என்று மகளிடம் போனில் கேட்டேன். அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. பேரன் மட்டும், அடுத்த வருஷமும் முந்திரிக்கொத்து கொண்டு வரச் சொல்கிறான். கார் சாவி இனிமேல் அவன் கையில்தான் இருக்குமாம்.