கரி ஊரின் ஜெபத்தில் கடல் தீவுகள்

மார்ச் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் கிறிஸ்தவப் பெண்கள் ஒரே ஆராதனை முறையைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபிக்கிறார்கள். 'உலக ஜெப நாள்' என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டுப் பெண்கள் அந்த ஆராதனையை எழுதித் தருவார்கள். மற்ற நாட்டுப் பெண்கள் அவரவர் மொழியில் அதை வாசித்து, எழுதியவர்களின் நாட்டுக்காக மன்றாடுவார்கள். 1887-ல் அமெரிக்காவில் மேரி எலன் ஜேம்ஸ் என்ற பெண்மணி விடுத்த அழைப்பில் வேர்விட்ட வழக்கம் இது. 1927-ல் உலகம் முழுமைக்குமான நாளானது.

2015-ல் அந்த முறை பகாமாஸுக்கு வந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் புத்தகத்தைப் பிரித்ததும் எழுந்த முதல் கேள்வியே, "பகாமாஸா, பனாமாவா? எங்க இருக்கு டீச்சர்?" என்பதுதான்.

டீச்சர் பணி ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் சபையில் யாரும் அவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கணவர் சுரங்கத்தில் 'பக்கெட் வீல்' எந்திரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்தவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இப்போது இந்திரா நகரில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள்.

டீச்சருக்கு ஒரு குறை நெடுநாளாக உண்டு. விண்ணப்ப ஜெபத்தில் நாடுகளின் பட்டியல் வரும். "கரீபியன் தீவுகளுக்காகவும் அங்குள்ள சபைகளுக்காகவும்..." என்று ஒருவர் வாசிப்பார். எல்லோரும் ஆமென் சொல்வார்கள். அடுத்த நாடு வந்துவிடும். "பேரு தெரியாத வீட்டுக்குப் பத்திரிகை வெச்சிட்டு வர்ற மாதிரி இருக்கு" என்பார் அவர். உலக ஜெப நாளின் குறிக்கோளே, அறிந்து ஜெபிப்பது, ஜெபித்ததைச் செயலில் காட்டுவது. அறிவதிலிருந்து தொடங்கலாம் என்று பேரனின் பள்சிக்கூட அட்லஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

விரல் நுனியில் ஒரு நாடு

பகாமாஸில் சுமார் 700 தீவுகள். மக்கள் வசிப்பது ஏறக்குறைய முப்பதில்தான். 1973 ஜூலை 10 அன்று சுதந்திரம் பெற்ற நாடு. தேசியப் பறவை பூநாரை. நம் கோடியக்கரைக்கும் பூநாரைகள் வருமே என்றதும் பெண்களின் முகத்தில் ஒரு பரிச்சயம் வந்தது. அந்த நாட்டின் மிக உயரமான இடமான அல்வேர்னியா குன்றின் உயரம் வெறும் 63 மீட்டர். அதன் உச்சியில் ஒரு துறவி தன் கையாலேயே கட்டிய சின்னஞ்சிறு கல் மடம் இருக்கிறது.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் சிரித்தார். "அறுபத்து மூணு மீட்டரா? நம்ம சுரங்கப் பள்ளத்துல அந்த மலையைத் தூக்கி வெச்சா தலை வெளிய தெரியாது."

வேடிக்கைக்குச் சொன்னது. ஆனால் டீச்சர் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். நெய்வேலியில் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரி எடுக்க முடியும். இறைப்பதை நிறுத்தினால் பள்ளம் குளமாகிவிடும். தண்ணீரோடு மல்லுக்கட்டி வாழ்வது என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பகாமாஸ் பெண்கள் அந்த வருடம் எடுத்துக்கொண்ட வேதபகுதி, யோவான் 13-ம் அதிகாரத்தில் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவும் இடம். மார்ச் 6 வெள்ளிக்கிழமை ஆராதனை நல்லபடியாக முடிந்தது. நோட்டு மூடவில்லை.

அங்கேயும் ஒரு சிதம்பரம்

அட்லஸில் பகாமாஸிலிருந்து தென்கிழக்கே விரலை இறக்கினால் வளைந்த மாலைபோல் தீவுகள் வரும். ஆன்டிகுவா, குவாதலூப், டொமினிக்கா, மார்த்தினிக், செயின்ட் லூசியா, பார்படாஸ், செயின்ட் வின்சென்ட், கிரெனடா, டிரினிடாட். இவற்றில் குவாதலூப்பும் மார்த்தினிக்கும் இன்றும் பிரான்சைச் சேர்ந்தவை. அங்கே போய் நின்றது டீச்சரின் விரல்.

அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றினார்கள். 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினிக்கில் கூலித் தொழிலாளர்களை இறக்கியது. 1854 கிறிஸ்துமஸை ஒட்டி அதே பெயருள்ள கப்பல் குவாதலூப்பை அடைந்தது. 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் இந்தியாவிலிருந்து சுமார் 42 ஆயிரம் பேர் போனார்கள். அவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். நம் தென்னாற்காட்டு கிராமங்களிலிருந்து போனவர்களும் உண்டு. ஆங்கிலேயர் வசமிருந்த செயின்ட் வின்சென்ட்டுக்கு முதல் கப்பல் 1861 ஜூன் 1 அன்று சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தது.

போனவர்கள் மாரியம்மனைக் கூடவே கொண்டுபோனார்கள். பலர் பிற்பாடு ஞானஸ்நானம் பெற்றார்கள். டிரினிடாடில் 1868-ல் கனடாவிலிருந்து வந்த ஜான் மார்ட்டன் தொடங்கிய பிரெஸ்பிட்டேரியன் சபையில் இந்திய வம்சாவளியினரே பெரும்பான்மை. குவாதலூப்பில் இந்தியர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு 1904-லிருந்து 1923 வரை வழக்காடி வென்றவரின் பெயர் ஹென்றி சிதம்பரம்.

இந்த வரியை டீச்சர் வாசித்தபோது சங்கத்தில் ஒரு பாட்டியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம சிதம்பரமா?"

பஸ் ஏறினால் சிதம்பரம் ஒரு மணி நேரம். தீவுகளுக்காக ஜெபம் என்றது அன்றைக்குச் சொந்தக்காரர்களுக்கான ஜெபம்போல் ஆகிவிட்டது.

தானே விழுந்த மரங்கள்

2004 செப்டம்பர் 7 அன்று 'ஐவன்' சூறாவளி கிரெனடாவைத் தாக்கியது. மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும் நாடு அது. பத்தில் ஒன்பது வீடுகளுக்குச் சேதம். தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் ஆலயங்கள் கூரை இழந்து நின்றன. கிரெனடாவின் கொடியிலேயே ஜாதிக்காய் உண்டு. அந்த ஜாதிக்காய் மரங்கள் வேரோடு சாய்ந்தன. கன்று வைத்துக் காய் பார்க்க ஆறேழு வருடம் வேண்டும்.

இதைக் கடலூர் மாவட்டத்துப் பெண்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, பண்ருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் விழுந்து கிடந்ததை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். டவுன்ஷிப்பின் நிழல் மரங்கள் சாலைகளை மறித்துக் கிடந்தன. ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் மாவட்டத்தில் எத்தனையோ கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் இருந்தன.

"வீடு போனா கட்டிக்கலாம் டீச்சர். பலா மரம் போனா, பேரன் காலத்துலதான்" என்றார் முந்திரித் தோப்பு வைத்திருந்த ஓர் அக்கா. அந்த வாரம் கிரெனடாவுக்கான ஜெபத்தை அவரே செய்தார். புத்தகம் பார்க்கவில்லை.

ஒரு பெண்ணின் கேள்வி

2019 செப்டம்பர் 1 அன்று 'டோரியன்' பகாமாஸின் அபாகோ தீவில் கரையேறியது. மணிக்கு 295 கிலோமீட்டர் வேகக் காற்று. அங்கிருந்து கிராண்ட் பகாமா தீவுக்கு நகர்ந்து, ஒரு நாளுக்கு மேல் நகராமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது. 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹெயிட்டியிலிருந்து பிழைக்க வந்தவர்களின் குடிசைப் பகுதிகள் அபாகோவில் துடைத்தெறியப்பட்டன.

நான்கு வருடத்துக்கு முன்பு அட்லஸில் பார்த்த பெயர்கள். அந்த வாரக் கூட்டத்தில் யாரும் பகாமாஸ் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வேறொன்று கேட்டாள்.

"டீச்சர், கடல் சூடாகுறதாலதான் புயலுக்குப் பலம் ஏறுதுன்னு படிக்கிறோம். அதுக்குக் காரணம் கரி எரிக்கிறதுதானே? நாம எரிச்சிட்டு, நாமளே ஜெபம் பண்ணா எப்படி?"

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அங்கே இருந்த அத்தனை பேர் வீட்டுச் சோறும் சுரங்கத்திலிருந்தோ அனல்மின் நிலையத்திலிருந்தோ வந்ததுதான். பழுப்பு நிலக்கரி சாதாரண நிலக்கரியைவிட அதிகப் புகை விடும் கரி என்பதும் அவர்களுக்குத் தெரியாததல்ல. சிறு தீவு நாடுகள் பாரிஸ் ஒப்பந்தத்தில் ஒன்றரை டிகிரி என்ற எல்லையைச் சேர்க்க 2015-ல் எவ்வளவு போராடின என்பதையும் அந்தப் பெண்ணே சொன்னாள். மற்ற நாடுகளுக்கு அது ஓர் எண். அவர்களுக்கு வீட்டு வாசல்.

பெரிய பெரிய நாடுகள் நூறு இருநூறு வருடமாக எரித்ததை ஒரு நெய்வேலியின் தலையில் கட்ட முடியுமா என்று ஓர் அம்மா கேட்டார். அதுவும் நியாயம்தான். ஆனாலும் கேள்வி அறையைவிட்டுப் போகவில்லை. "ஜெபம் பண்ணலாம்மா. ஆனா கேள்வியை வெளியே விட்டுட்டுப் பண்ண வேணாம்" என்று மட்டும் சொன்னார் டீச்சர்.

ராத்திரி வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் தோண்டுனது பொய் இல்ல. அந்த வெளிச்சத்துல எத்தனையோ புள்ளைங்க படிச்சுது. நம்ம புள்ளைங்களும்தான்" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தப் பொண்ணு கேட்டதும் பொய் இல்ல" என்றார்.

மறுநாள் டீச்சர் விண்ணப்ப ஜெபத்தில் ஒரு வரியைச் சேர்த்து எழுதினார். 'ஆண்டவரே, எங்கள் வீட்டு விளக்கையும் அவர்கள் வீட்டுக் கரையையும் ஒன்றாகக் காண்பவர் நீர். எங்களுக்குச் சோறு போட்ட வேலைக்காக நன்றி சொல்கிறோம். அதனால் வேறொருவருக்கு வரும் துன்பத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்க எங்களை விடாதேயும்.' இப்படி ஜெபிக்கலாமா என்று ஒன்றிரண்டு பேர் தயங்கினார்கள். வரி நின்றது. அந்த மாதம் சங்கக் காணிக்கையில் ஒரு பங்கு, புயல் நிவாரணத்துக்கென்று தனியாக எடுத்து வைக்கப்பட்டது. சிறு தொகைதான்.

தீவுகளின் பெயர்கள்

இப்போது அந்தச் சங்கத்தில் 'கரீபியன் தீவுகள்' என்று மொத்தமாக யாரும் ஜெபிப்பதில்லை. வாரத்துக்கு ஒரு தீவு. அந்தத் தீவில் என்ன விளைகிறது, எந்த மாதம் புயல் வரும், எந்தெந்தச் சபைகள் இருக்கின்றன என்று யாராவது ஒருவர் செல்போனில் பார்த்து வந்து சொல்ல வேண்டும். 1973-ல் உருவான கரீபியன் திருச்சபைகளின் மாநாட்டில் கத்தோலிக்கரும் மற்றவர்களும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருக்கிறார்கள் என்ற செய்தி அப்படி வந்ததுதான். நம் ஊரிலும் அப்படிக் கூடி ஜெபித்தால் என்ன என்ற பேச்சு அதிலிருந்து கிளம்பியிருக்கிறது.

2024 ஜூலை 1 அன்று 'பெரில்' சூறாவளி, கிரெனடாவைச் சேர்ந்த கேரியகூ என்ற சின்னத் தீவைச் சிதைத்தது. ஏறக்குறைய எல்லாக் கட்டடங்களும் சேதம். செய்தி வந்த அன்று இந்திரா நகர் வீட்டில் குடும்ப ஜெபம். வழக்கமாக டீச்சர் ஜெபிப்பார், கணவர் ஆமென் சொல்வார். அன்று டீச்சர் முடித்த பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"கேரியகூ சனங்களுக்கு மேல ஒரு கூரை கிடைக்கணும், ஆண்டவரே" என்றார். அவர் வாய்விட்டு ஜெபித்து டீச்சர் கேட்டது அதுதான் முதல் தடவை.