காலாவதியான அட்டவணை

பாடபேதம் என்றவுடன் நமக்கு ஓலைச்சுவடிகளே நினைவுக்கு வரும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து பல பிரதிகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். பிரதி மூலத்தினின்று விலகும் இயல்பினது என்பதே காரணம். அவ்வியல்பைக் கணினித் திரையிலும் காண நேர்ந்தது.

எங்கள் மாணவருள் பலர் ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்து வகுப்புக்கு வருபவர்கள். விடுப்புச் சொல்ல அவர்களுக்குத் தேர்வு அட்டவணையே ஆதாரம். ஒரு பருவத்தில் தேர்வு நாளை மாற்றிக் கல்லூரித் தளத்தில் வெளியிட்டார்கள். கிருஷ்ணகிரியில் இருந்த மாணவிக்குப் புதிய தேதி தெரிந்தது. எல்லைக்கப்பால் அத்திப்பள்ளியில் தங்கியிருந்த மாணவனுக்குப் பழைய தேதியே தெரிந்தது. "ஐயா, எதை நம்பி லீவு சொல்றது?" என்று தொலைபேசியில் கேட்டான். தவறினால் ஒரு நாள் கூலி போகும். அல்லது தேர்வே போகும்.

தளத்தைப் பராமரித்த இளைஞர் சிக்கலை அவிழ்த்துக் காட்டினார். உலாவி, விரைவு கருதி, ஒருமுறை பெற்ற பக்கத்தைப் படியெடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதை வழங்கி அனுப்பும் ஹெடர் வரிகள் சொல்லும். எங்கள் பக்கத்தில் அவ்வரிகள் ஒன்றையொன்று மறுத்தன. 'எக்ஸ்பயர்ஸ்' வரி 1981 நவம்பர் 19 என்றது. அமர்வு தொடங்கும் பக்கங்களுக்குப் பி.எச்.பி. இயல்பாக இடும் தேதி அது. 'இது ஏற்கெனவே காலாவதி' என்பது பொருள். அதற்குத் துணையாகப் பி.எச்.பி. எழுதிய 'கேஷ்-கன்ட்ரோல்' வரியையோ அப்பாச்சி வழங்கியின் பொது அமைப்பு அழித்து, 'மேக்ஸ்-ஏஜ்=604800' என்று மாற்றியிருந்தது. அத்தனை நொடிகள் சேர்ந்தால் ஏழு நாள்.

இரண்டும் முரண்பட்டால் எது வெல்லும்? 1999இன் ஆர்.எஃப்.சி. 2616 முதல் 2022இன் ஆர்.எஃப்.சி. 9111 வரை விடை ஒன்றே: மேக்ஸ்-ஏஜ். எக்ஸ்பயர்ஸ் நாள்காட்டித் தேதியைச் சொல்வது. வழங்கியின் கடிகாரமும் உலாவியின் கடிகாரமும் ஒத்திருந்தாலன்றிப் பிழைக்கும். மேக்ஸ்-ஏஜ் கால அளவை மட்டும் சொல்வது. கைக்கடிகாரம் செய்யும் ஓசூருக்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும்.

பொதுவிதியைப் படங்களுக்கும் நடைதாள்களுக்கும் மட்டும் நிறுத்திவிட்டு, அட்டவணைக்கு 'நோ-கேஷ்' என்று சிறப்புவிதி செய்தார் இளைஞர். பெயரை நம்பிப் பொருள் கொள்ளலாகாது. சேமிக்காதே என்பதற்கு 'நோ-ஸ்டோர்' என்னும் வேறு சொல் உண்டு. நோ-கேஷ் என்பதோ, 'வைத்துக்கொள். ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டபின் காட்டு' என்பதாம். மாற்றமில்லையெனில் வழங்கி 304 என்று மறுமொழி தரும். பழைய படியே போதும்.

ஆயினும் ஒரு துயரம் எஞ்சியது. பழைய படியை முன்பே பெற்றுவிட்ட உலாவி ஏழு நாள் எவரையும் கேளாது. வழங்கியில் செய்த திருத்தம் அதை எட்டாது. எனவே அட்டவணையைப் புதிய முகவரியில் இட்டு, மாணவர்களைத் தனித்தனியே தொலைபேசியில் அழைத்தோம். அம்மாணவன் உரிய நாளில் தேர்வு எழுதினான்.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முன் பெற்ற சான்றிதழ்களில் தருமபுரி மாவட்டம் என்றே நிற்கிறது, எவருக்கும் தீங்கில்லை. நாளைய தேர்வைச் சொல்லும் படிக்கு அந்தச் சலுகை கிடையாது.