வெறுங்காற்றின் பீக்

காற்றில் கலந்த ஆவிகளைக் கண்டறியும் அயனி நகர்வுக் கருவியின் முன் புதிதாக உட்காருபவர்கள், புதிய பீக், அதாவது வரைகோட்டின் முகடு, எங்கே எழுகிறது என்றுதான் திரையைத் துழாவுவார்கள். நான் முதலில் பார்ப்பது எப்போதும் அங்கேயே இருக்கும் பீக்கை. வெறுங்காற்று மட்டும் ஓடும்போதே அது உயர்ந்து நிற்கும். நிக்கல்-63 உமிழும் பீட்டா கதிர் நைட்ரஜனை அயனியாக்குகிறது. அந்த மின்னூட்டம் கைமாறிக் கைமாறி, நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த புரோட்டானில் வந்து முடிகிறது. எப்போதும் நிற்கும் அந்த பீக் இதனுடையதுதான். அசிட்டோனோ எத்தனாலோ, எந்த ஆவி உள்ளே வந்தாலும் தனக்கான புரோட்டானை இந்தக் கையிருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதன் பீக் வளர வளர நீரின் பீக் தேயும். முழுக்கத் தேய்ந்துவிட்டால், அளவு என்று கருவி காட்டும் எந்த எண்ணையும் நான் குறித்துக்கொள்வதில்லை. இலை தீர்ந்த பந்தி அது. வெளியே பத்துப் பேர் நிற்கிறார்களா, நூறு பேரா என்று உள்ளிருந்து சொல்ல முடியாது.

மற்றதெல்லாம் எளிய இயந்திரம். கம்பிக் கதவு கண நேரம் திறந்து மூடும். அயனிகள் எதிர்த்து வரும் உலர்காற்றில் மோதி மோதி, மின்புலம் இழுக்க நகரும். சில சென்டிமீட்டர் குழாயைக் கடக்கச் சில மில்லி விநாடி. பருத்த அயனி பின்தங்கும். வெற்றிடப் பம்பு வேண்டாம் என்பதால் கையில் தூக்கிப் போகலாம். 1991 வளைகுடாப் போரில் நச்சு வாயுவை மோப்பம் பிடிக்கப் பிரிட்டிஷ் படைகளிடம் இருந்தது இந்த வகைக் கருவிதான்.

ஒரு பாட்டிலில் இருப்பதைச் சோதிக்க, அதன் வாய்க்கு மேலே, சற்றுத் தள்ளிக் கருவியின் நுனியைக் காட்டினாலே போதும். உள்ளே நுழைத்தால் ஆவி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சூடேற்றி, உலர்காற்று ஓட்டி, காத்திருக்க வேண்டியதுதான். அவசரக்காரர்களுக்கு இந்தத் தொழில் ஆகாது.

இதைவிடத் தொல்லை போட்டி. புரோட்டான் மீதான நாட்டம் நீருக்கு மோலுக்கு 691 கிலோஜூல், எத்தனாலுக்கு 776, அம்மோனியாவுக்கு 854. தொழுவக் காற்றில் எத்தனாலைத் தேடினால் புரோட்டானையெல்லாம் அம்மோனியா வாரிக்கொண்டுவிடும். எத்தனால் காற்றில் இருக்கும், திரையில் இருக்காது. பரிசோதனைக்குக் கொடுத்தவர்களோ அறிக்கையில் ‘இல்லை’ என்று எழுதித் தரச் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லுக்கு நான் கையெழுத்திடுவதில்லை. அம்மோனியா இருந்த நிலையில் பீக் தெரியவில்லை என்றுதான் எழுதுவேன்.

இதற்கு ஒரு வழி, கருவிக்கு முன்னால், கலவையைப் பிரிக்கும் ஒரு கேஸ் குரோமட்டோகிராஃப் குழலைப் பொருத்துவது. கலவை பிரிந்து ஒவ்வொன்றாக வரும்போது சண்டை குறைகிறது. 2001-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன காற்றுச் சோதனைக் கருவியிலும் இந்த ஏற்பாடு இருந்தது. ஆனால் நொடியில் வர வேண்டிய பதிலுக்கு நிமிடக் கணக்கில் காத்திருக்க நேரும். ஆய்வகத்தில் எனக்கு அது பொருட்டில்லை. கசிவு எச்சரிக்கைக்காகத் தொழிற்சாலையில் மாட்டியிருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது.